சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பறக்கும் நேரமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எங்கும் நிற்காமல் பறக்கும் விமானச் சேவை, இன்று உலகில் நடைபெறும் பயணிகள் சேவைகளில் மிக நீண்டது. தொலைவையும் நேரத்தையும் பற்றி விமானப் பயணிகளுக்கு எழும் ஐயங்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வழித்தடத்தைக் கொண்டே விடை சொல்லிவிட முடியும் என்பதால், அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு?

ஏறத்தாழ 15,349 கிலோமீட்டர். சாலையில் நாம் சொல்லும் மைல் கணக்கில் இது 9,537 மைல். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் 8,288. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். சாதாரண மைல் ஏறத்தாழ 1,609 மீட்டர். விமானத் துறையினர் மைல் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கடல் மைலையே குறிப்பிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரே பயணத்துக்கு இருவேறு எண்கள் கண்ணில் படும்போது குழப்பம் வராது.

பூமியின் மேற்பரப்பில் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏனெனில் பூமியின் சுற்றளவில் பாதி அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புறம் இருப்பது தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாடு. அப்படிப் பார்த்தால், நியூயார்க் செல்லும் பயணி பூமியில் செல்லக்கூடிய மிகப் பெரிய தொலைவில் முக்கால் பங்குக்கும் மேல் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறார்.

தொலைவைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒவ்வொரு கணிப்பானும் சற்றே வேறுபட்ட எண்ணைக் காட்டுவது ஏன்?

பூமி முழுமையான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். அதாவது துருவங்களில் 21 கிலோமீட்டர் அளவுக்குத் தட்டையாக இருக்கிறது. சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரைக் கொண்டு பூமியை உருண்டையாகவே கருதிக் கணக்கிட்டால் இந்த வழித்தடத்துக்கு 15,340 கிலோமீட்டர் வருகிறது. தட்டையான வடிவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 15,349 வருகிறது. விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் ஓரிரு கிலோமீட்டர் மாறும். இந்த வேறுபாடு விமானத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான பறத்தல் என்பதால், பயணி இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மிகக் குறுகிய பாதை எந்த நாடுகளின் மேலாகச் செல்கிறது?

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பார்த்துப் பசிபிக் வழியாகவோ அட்லாண்டிக் வழியாகவோ ஒரு நேர்கோடு இழுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்தக் கோடு தவறானது. வளைந்த பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வட பகுதிகள் பக்கவாட்டில் இழுபட்டுவிடுவதால், தாளில் நேராகத் தெரிவது தரையில் சுற்றுவழியாக இருக்கும்.

பள்ளிக்கூட மேசையில் வைத்திருக்கும் உலக உருண்டை ஒன்றும் ஒரு முழம் தையல் நூலும் கிடைத்தால் சரியான விடையைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூர்மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்மீது வைத்துத் தொய்வில்லாமல் இழுத்தால், நூல் பக்கவாட்டில் போகாமல் வழுக்கி மேலேறி, உருண்டையின் உச்சியில் திருகாணி இருக்கும் இடத்தின் அருகே போய் நிற்கும். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது நூல் தவறி நழுவிவிட்டது என்று எண்ணி இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தேன். மீண்டும் அதே இடத்தில்தான் நின்றது.

காரணம் எளிது. சிங்கப்பூர் கிழக்கு 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 178 பாகை. ஆகவே இரண்டு நகரங்களும் பூமியின் நேர் எதிர்ப்பக்கத் தீர்க்கக் கோடுகளில் அமர்ந்திருக்கின்றன. இப்படிப்பட்ட இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி துருவத்தை ஒட்டியே போக முடியும். பெருவட்டப் பாதை என்று சொல்லப்படும் அந்தக் குறுகிய வழி தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, ரஷ்யாவின் சைபீரியா ஆகியவற்றின் மேலாக ஏறத்தாழ நேர் வடக்கே ஏறி, வட துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளி ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் மாநிலம் வழியாகத் தெற்கே இறங்கி நியூயார்க்கை அடைகிறது.

அப்படியானால் விமானம் துருவத்தின் வழியாகவா பறக்கிறது?

பெரும்பாலும் இல்லை. தொலைவு குறைந்த வழியும் நேரம் குறைந்த வழியும் ஒன்றல்ல என்பதே இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது. விமானம் தரையின்மீது ஓடும் வண்டி அன்று. அது நகர்ந்துகொண்டிருக்கும் காற்றுக்குள் பறக்கிறது. ஆற்றில் படகு ஓட்டுகிறவர் நீரோட்டத்தைப் பார்த்தே வழியைத் தீர்மானிப்பதைப் போல, விமானத்தின் பாதையைத் திட்டமிடுகிறவர்கள் அன்றைய காற்றின் முன்கணிப்பைப் பார்த்தே ஒவ்வொரு நாளும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் வேகமான காற்றோட்டம் வீசிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில், குறிப்பாக ஜப்பானுக்கு மேலே, அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். அதன் முதுகில் ஏறிக்கொள்கிற விமானத்துக்கு எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். எதிர்த்துப் பறக்கும் விமானத்துக்கு இரண்டுமே நட்டம்.

கணக்காகவே பார்ப்போம். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 15,349 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகும். சராசரியாக 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் அதே தொலைவுக்கு ஏறத்தாழ 17 மணி 50 நிமிடம் தேவைப்படும். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் வழிநெடுகச் சராசரியாக 60 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் பயணம் மீண்டும் 17 மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும். சுற்றுவழி நேர்வழியை வெல்வது இப்படித்தான்.

சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தில் இதற்கு வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஊர்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், போகும்போதும் கிழக்கு நோக்கிப் பறக்கலாம், வரும்போதும் கிழக்கு நோக்கிப் பறக்கலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்காக ஏறி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கின் வட பகுதியைத் தாண்டி, கனடா வழியாக நியூயார்க்கை அடைகிறது. திரும்பும் விமானம், காற்றைப் பொறுத்து, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவின் மேலாக வருவது உண்டு. அப்படிப் போய் வருகிற பயணி ஒரே திசையில் பறந்து உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார். இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் ஓடும் வரைபடத்தை நான் விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறவன். ஜப்பானைத் தாண்டிய சிறிது நேரத்தில் தரை வேகம் 1,050 என்று மாறியபோது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆறு விமானத்தைத் தள்ளிக்கொண்டு போவதை உணர்ந்து உண்மையாகவே மெய்சிலிர்த்தேன்.

காற்றைத் தவிர வேறு எவையெல்லாம் பாதையை மாற்றுகின்றன?

முதலாவது, நாடுகளின் வான்வெளி. 2022ஆம் ஆண்டில் உக்ரைன் போர் தொடங்கிய பின்னர் பல நாடுகளின் விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைப் பயன்படுத்துவதில்லை. மேலே சொன்ன பெருவட்டப் பாதை சைபீரியாவின் நடுவே போகிறது என்பதை நினைத்தால் அதன் விளைவு புரியும். ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் முன்பு ஏறத்தாழ 9 மணி நேரமாக இருந்தது. ரஷ்யாவைச் சுற்றிப் போக வேண்டியதானபோது அது ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இரண்டும் நகரவில்லை, தொலைவும் மாறவில்லை. நேரம் மட்டும் நான்கு மணி கூடியது.

இரண்டாவது, குளிர். துருவப் பகுதியின் மேல்வானில் எரிபொருளே உறையும் அபாயம் உண்டு. உலகின் பெரும்பகுதியில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் வழக்கமாக நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை −40 பாகை. ஆகவே நியூயார்க்கில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு துருவத்தை நோக்கிப் புறப்படும் விமானம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அவசரத்துக்கு இறங்க இடம். இரண்டே எஞ்சின்கள் கொண்ட விமானம், ஒன்று செயலிழந்தால் மற்றொன்றை மட்டும் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் சென்றடையக்கூடிய விமான நிலையம் ஒன்று வழியில் எப்போதும் இருக்குமாறு பறக்க வேண்டும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 வகை விமானத்துக்கு 370 நிமிடங்கள் வரை அனுமதி பெறும் வசதி 2014ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே இன்றைய பயணத்தில் இது பெரிய தடையாக இல்லை.

பயண நேரம் மொத்தம் எவ்வளவு?

இரு திசையிலும் 18 மணி நேரத்துக்கு மேல், 19 மணி நேரத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு ஏற்பக் கால அட்டவணையில் சில நிமிடங்கள் கூடும், குறையும்.

900 கிலோமீட்டர் வேகத்தில் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? மீதி எங்கே போகிறது?

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் அன்று. வாயிலில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரையிலான நேரம் அது. வாயிலிலிருந்து ஓடுபாதைக்குத் தரையில் ஊர்ந்து செல்வதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதில் அடங்கும். ஜான் எஃப். கென்னடி போன்ற நெரிசலான நிலையத்தில் இதற்கே அரை மணி நேரம் போய்விடும்.

மேலும், மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது உயரே போன பிறகு கிடைக்கும் வேகம். ஏ350 ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில் பறக்கிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் நிலவும் கடுங்குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டராகக் குறைந்துவிடுவதால் இந்த எண் வருகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் இதைவிடக் குறைவு. எதிர்பாராத காற்றுக்கும் நெரிசலுக்கும் என்று விமான நிறுவனங்கள் சிறிது நேரத்தைச் சேர்த்தே அட்டவணையில் அச்சிடுகின்றன. மொத்தத் தொலைவைப் 18½ மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர்தான் என்பது தெரியவரும்.

புறப்படும் தேதியையும் போய்ச் சேரும் தேதியையும் எப்படிக் கணக்கிடுவது?

பயணிகள் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அதில் மாற்றமில்லை. நியூயார்க் நேரம் குளிர்காலத்தில் 5 மணியும், கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது 4 மணியும் பின்னால் இருக்கிறது. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை கோடைக்கால நேரம். எனவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாடு கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம்.

சிங்கப்பூரிலிருந்து திங்கட்கிழமை அதிகாலை 12.30 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 30 நிமிடம் பயணம் செய்தால், போய்ச் சேரும்போது சிங்கப்பூரில் திங்கள் மாலை 7 மணி. கோடையில் அதிலிருந்து 12 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் அதே திங்கட்கிழமை காலை 7 மணி. குளிர்காலத்தில் காலை 6 மணி. பதினெட்டரை மணி நேரம் கழிந்த பிறகும் சுவர்க் கடிகாரம் கோடையில் ஆறரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமுமே நகர்ந்திருக்கும்.

திரும்பும்போது நேர்மாறு. நியூயார்க்கிலிருந்து திங்கள் இரவு 10.30 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 45 நிமிடம் பறந்தால், நியூயார்க் கணக்கில் செவ்வாய் மாலை 5.15. கோடையில் 12 மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன்கிழமை காலை 5.15. செவ்வாய்க்கிழமை என்ற ஒரு நாளின் பெரும்பகுதி விமானத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. பிறந்தநாள், திதி, தேர்வு, நேர்காணல் என்று தேதி முக்கியமான எதுவும் இருந்தால் திரும்பும் பயணத்துக்கு நாட்காட்டியில் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

விமானம் பசிபிக் வழியாகப் போய்ப் பன்னாட்டுத் தேதிக் கோட்டைத் தாண்டினாலும், அட்லாண்டிக் வழியாகப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. புறப்பட்ட ஊரின் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டி, பிறகு இரண்டு ஊர்களின் வேறுபாட்டைக் கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும்.

சீட்டில் திங்கள் 00.30 என்று இருந்தால் எந்த நாள் விமான நிலையத்துக்குப் போக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு. திங்கள் இரவு போய் நிற்பவர் ஒரு நாள் முழுவதும் பிந்தியவர். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் எந்தப் பயணத்துக்கும் இது பொருந்தும். சீட்டு எடுத்த அன்றே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நாளையும் மணியையும் தனியாக எழுதி வைத்துவிடுவது நல்லது.

இவ்வளவு தொலைவு பறப்பதற்குத் தனி விமானம் வேண்டுமா?

வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்காகப் பயன்படுத்துவது ஏ350-900 விமானத்தின் மிகை நெடுந்தூர வகை. அதன் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். தொடக்கத்தில் வந்த சாதாரண ஏ350-900இன் கொள்ளளவு 1,41,000 லிட்டர். கூடுதலாகத் தொட்டி எதையும் பொருத்தாமல், இருக்கும் தொட்டிகளின் அமைப்பையே மாற்றி இதைச் சாதித்திருக்கிறார்கள். முழுதாக நிரப்பினால் எரிபொருள் மட்டுமே 130 டன்னை எட்டும். விமானம் தரையிலிருந்து எழும்பும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடையோ 280 டன். அதாவது ஏறத்தாழப் பாதி எடை எரிபொருளே.

நெடுந்தொலைவுப் பறத்தலின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் மணி நேரத்தில் எரியப்போகும் எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்துகொண்டே போக வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவும் எண்ணெய் எரிய வேண்டும். பாலைவனத்தைக் கடக்கிறவன் தண்ணீரைத் தூக்கிச் செல்வதாலேயே அதிகத் தண்ணீர் குடிக்க வேண்டியிருப்பதைப் போன்றது இது. ஆகவே வேறு எடையைக் குறைத்தாக வேண்டும். இதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350 விமானங்களில் 253 இருக்கைகள் இருக்கும்போது, நியூயார்க்குக்கு என்று அமைத்த விமானத்தில் 161 இருக்கைகளே இருக்கின்றன: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமி வகுப்பில் 94. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. இந்தத் தடத்தில் கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கும் விடை பெருமளவுக்கு இதுதான்.

இந்தச் சேவை எப்போது தொடங்கியது?

நியூயார்க்குக்கு அருகிலுள்ள நெவார்க் நிலையத்துக்கு 2004 ஜூன் மாதத்தில் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏ340-500 விமானத்தைக் கொண்டு இடைநில்லாச் சேவை தொடங்கியது. நான்கு எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல், 2008இல் நூறே இருக்கைகள் கொண்ட முழு பிசினஸ் வகுப்பு விமானமாக மாற்றிப் பார்த்தார்கள்; 2013 நவம்பரில் சேவை நின்றுபோனது. ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபர் 11 அன்று நெவார்க் சேவை மீண்டும் தொடங்கியது. ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கான சேவை, பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே, 2020 நவம்பர் 9 அன்று தொடங்கியது. தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே; எஞ்சின்கள் இரண்டாகக் குறைந்ததும் உடற்பகுதி இலகுவானதும்தான் இதை நிலைக்க வைத்தன.

நெவார்க், ஜான் எஃப். கென்னடி: இரண்டில் எது தொலைவு?

ஜான் எஃப். கென்னடி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அதிகம். உலகின் மிக நீண்ட சேவை என்ற பெயர் நெவார்க்கிடமிருந்து அதற்குப் போனது இந்த 5 கிலோமீட்டரால்தான். பயணி பார்க்க வேண்டியது இதை அன்று, இறங்கிய பின் எங்கே போகிறார் என்பதையே: நியூ ஜெர்சியில் உறவினர் இருந்தால் நெவார்க், குயீன்ஸிலோ லாங் ஐலண்டிலோ இருந்தால் ஜான் எஃப். கென்னடி.

இடைநில்லா விமானமும் நேரடி விமானமும் ஒன்றுதானா?

இல்லை. விமானத் துறையில் நேரடி என்றால் ஒரே விமான எண்ணில் போகிறது என்று மட்டுமே பொருள். நடுவில் ஓரிடத்தில் நின்று போகலாம். சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகும் சேவை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வழியின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 16,470 கிலோமீட்டர். இடைநில்லாப் பயணத்தைவிட 1,100 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் இறங்குவது, காத்திருப்பது, மீண்டும் ஏறுவது எல்லாம் சேர்ந்து பல மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. நடுவில் இரண்டு மணி நேரமாவது கால்நீட்டி நடந்தால்தான் முடியும் என்கிற முதியவர்களுக்கு அந்த வழியே நல்லது என்பது என் கருத்து.

சென்னையிலிருந்து நியூயார்க் செல்கிறவர் சிங்கப்பூர் வழியாகப் போகலாமா?

போகலாம், ஆனால் அது பெரிய சுற்று. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 13,480 கிலோமீட்டர். லண்டன் வழியாகப் போனால் 13,780, துபாய் வழியாகப் போனால் 13,950 அளவில் வருகிறது. இரண்டுமே நேர்வழியோடு ஒட்டியவை. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் கிழக்கே 2,920 கிலோமீட்டர் போய், பிறகு 15,349 கிலோமீட்டர் போக வேண்டும். மொத்தம் 18,270 கிலோமீட்டர் வருகிறது. சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய ஆட்களோ வேலையோ இருந்தாலொழிய மேற்கு வழியே பொருத்தமானது.

வேறு இரண்டு ஊர்களுக்கு நானே கணக்கிட முடியுமா?

முடியும். பெருவட்டத் தொலைவை ஏதேனும் ஒரு கணிப்பானிலிருந்து எடுத்துக்கொண்டு, கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அதனுடன் தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். சென்னை – லண்டனுக்கு 8,235 கிலோமீட்டர்; வகுத்தால் ஏறத்தாழ 9 மணி 40 நிமிடம், கூட்டினால் 10 மணி 10 நிமிடம். மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்றுக்காக இதற்கு மேலும் சிறிது சேர்க்க வேண்டும். போர் நடக்கும் பகுதியைச் சுற்றிப் போக நேர்ந்தால் இன்னும் கூடும். சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் உங்கள் கணக்கைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழியில் ஏதோ ஒரு வான்வெளியைத் தவிர்க்கிறார்கள் என்றோ நடுவில் நிற்கிறார்கள் என்றோ பொருள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைவிட நீண்ட சேவை வருமா?

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைநில்லாச் சேவை நடத்துவதற்காக ஏ350-1000 விமானங்களுக்கு 2022இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. சிட்னி – லண்டன் தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். அது தொடங்கும் நாளில் சிங்கப்பூர் – நியூயார்க் தடம் இரண்டாம் இடத்துக்கோ அதற்கும் கீழோ போய்விடும்.

இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் உடலுக்கு என்ன ஆகும்?

அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடப்பதும், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், தண்ணீர் போதுமான அளவு குடிப்பதும் அவசியம். ஏ350இல் அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். அதனால் களைப்பு சற்றுக் குறைகிறது. 12 மணி நேர வேறுபாடு என்பது பகலும் இரவும் முழுதாக இடம் மாறுவது. உடல் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதால், முக்கியமான வேலைகளை முதல் சில நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம் தவறாமல் மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

என் தாயாரை நியூயார்க்கிலிருக்கும் தங்கையிடம் அழைத்துச் சென்றபோது, காலை, மதியம், இரவு என்று எழுதிய மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது வெளியே தெரிவது காலையா மாலையா என்று அவர் சன்னலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் சன்னலுக்கு வெளியே தெரியும் வெளிச்சத்தை நம்ப முடியாது. அவருடைய கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, கடைசியாக மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மட்டும் பார்த்துக்கொண்டோம். போய்ச் சேர்ந்த பிறகு எந்த வேளையை எப்படி நகர்த்த வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

நீங்களும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் பயண நேரத்தையும் இரண்டு ஊர்களின் நேர வேறுபாட்டையும் எண்ணாகச் சொல்லி, வேளைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்; மருந்தைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெடக்கூடும் என்பதால், மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள். விமானம் தாமதமாகலாம், வேறு ஊரில் இறங்க நேரலாம் என்பதை எண்ணி, கைப்பையில் மூன்று நாளுக்கான மருந்து இருக்கட்டும்.